பயோடெக் கம்பெனிகளோட சங்கத்துல தலைமை வேலை: ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. லைஃப் சயின்ஸ் துறையில, அதாவது மருந்து, பயோடெக், மெடிக்கல் டிவைஸ், கிளினிக்கல் ட்ரையல் எடுத்து நடத்துற கம்பெனிங்க, இவங்க எல்லாரும் சேர்ந்து வெச்சிருக்கிற ஒரு சங்கத்துக்கு நான் சில வருஷம் சிஇஓவா இருந்தேன். தொழிலாளர் சங்கம் இல்லைங்க, கம்பெனிகளோட சங்கம். கம்பெனிங்க வருஷ சந்தா கட்டும், சங்கம் அவங்களுக்காக அரசாங்கத்துக்கிட்ட பேசும், மாநாடு நடத்தும், ட்ரெய்னிங் குடுக்கும். இந்த வேலைக்கு எப்படி போறது, உள்ள என்ன நடக்கும், எப்படி வெளிய அனுப்புவாங்க, இதைப் பத்தி தமிழ்ல எனக்கு ஒரு வரி கூட கிடைக்கல. இங்கிலீஷ்ல கிடைச்சதெல்லாம் ரிட்டயர் ஆகுறவங்களுக்கு போடுற புகழ் மாலை, அதுல அடி வாங்கின கதை எதுவும் இருக்காது. நாடு, சங்கத்தோட பேர் எதுவும் சொல்லப் போறதில்ல, சொல்லவும் தேவையில்ல, எங்க போனாலும் இந்த வேலையோட எலும்புக்கூடு ஒண்ணுதான்.

நான் அடிப்படையில ரெகுலேட்டரி ஆளு, அதாவது மருந்துக்கு அனுமதி குடுக்குற அரசு அமைப்பான ரெகுலேட்டரோட வேலை பாக்குறவன். நடுத்தர சைஸ் பயோடெக் ஒண்ணுல மருந்து அப்ரூவலுக்கு ஃபைல் போடுற டீம்ல ரொம்ப வருஷம் இருந்தேன். கம்பெனி சார்பா சங்கத்தோட ரெகுலேட்டரி கமிட்டியில போய் உக்காருவேன், சம்பளம் இல்லாத வேலை, ஆனா எனக்கு அது புடிச்சுது. டிராஃப்ட் விதிமுறை வந்தா ராத்திரி உக்காந்து வரி வரியா படிச்சு கமெண்ட் எழுதுவேன். பழைய சிஇஓ ரிட்டயர் ஆனப்போ சங்கத்தோட நிர்வாகக் குழுவான போர்டுல சில பேரு "நீங்களே வாங்களேன்"னு ஆரம்பிச்சாங்க. முதல் அடி அங்கயே, பணத்துல. சம்பளம் கம்பெனியில வாங்கினதை விட கால்வாசி கம்மி, அது தெரிஞ்சு போனதுதான். ஆனா கம்பெனியில எனக்கு ஒதுக்கி இன்னும் கைக்கு வராத ஷேர் இருந்துச்சு பாருங்க, வேலையை விட்ட அன்னைக்கே அது காலி, மதிப்பு கிட்டத்தட்ட ஒரு வருஷ சம்பளம். சங்கம் லாப நோக்கம் இல்லாத அமைப்பு, அங்க ஷேர்னு ஒண்ணு கிடையவே கிடையாது, அதனால இந்த ஓட்டையை எதை வெச்சு அடைக்கிறதுன்னு ஆஃபர் பேசும்போதே கேக்கணும். சேரும்போது ஒரு தொகை, இல்லைன்னா இத்தனை வருஷம் இருந்தா இவ்வளவுன்னு ஒரு போனஸ், ரெண்டுல எதையாச்சும் பேப்பர்ல வாங்குங்க. அவங்க எவ்வளவு குடுக்க முடியும்னு தெரிஞ்சுக்க ஒரு வழியும் இருக்கு. அமெரிக்காவுல இந்த மாதிரி சங்கங்க வருஷா வருஷம் ஃபார்ம் 990னு ஒரு வரிக் கணக்கு தாக்கல் பண்ணணும், அது பொது ஆவணம், தலைவருக்கு என்ன சம்பளம், சந்தா எவ்வளவு, மாநாட்டுல எவ்வளவு வந்துச்சுன்னு எல்லாம் அதுல இருக்கும். வேற நாட்டுல இருக்கவங்க கூட அதுல ரெண்டு மூணு எடுத்துப் படிச்சா, ஒரு சங்கத்தோட வயித்துக்குள்ள என்ன இருக்கும்னு பிடிபட்டுடும்.

இந்த நாற்காலிக்கு யார் யார் வர்றாங்கன்னு பாத்தா பாதை எல்லாம் வேற வேற. பயோங்கிற அமெரிக்க பயோடெக் சங்கம் 1993ல ரெண்டு சங்கம் ஒண்ணா சேர்ந்து உருவானது. அதுக்கு முதல் தலைவர் கார்ல் ஃபெல்ட்பாம், செனட்டர் ஒருத்தரோட ஆபீஸ்ல தலைமை அதிகாரியா இருந்தவர். 2005ல வந்த ஜிம் கிரீன்வுட் முன்னாள் எம்பி, அவர் 2020 வரைக்கும் இருந்தார். அடுத்து வந்த மிஷெல் மெக்மரி ஹீத் டாக்டர், ஆராய்ச்சியாளர், அரசு மருந்து கட்டுப்பாட்டுத் துறையிலயும் பெரிய கம்பெனியிலயும் வேலை பாத்தவங்க, காகிதத்துல பாத்தா அவங்களை விட பொருத்தமான ஆளே இல்ல, ஆனா 2022லயே விலகிட்டாங்க. 2024ல வந்த ஜான் கிரௌலி தன்னோட ரெண்டு பிள்ளைங்களுக்கு வந்த போம்பே (Pompe)ங்கிற அரிய தசை நோய்க்கு மருந்து தேடி கம்பெனி ஆரம்பிச்ச ஆளு. அரசியல்வாதி வந்தா கதவு சீக்கிரம் திறக்கும், விஞ்ஞானி வந்தா பேச்சுல கனம் இருக்கும், கம்பெனி ஆரம்பிச்சவர் வந்தா போர்டு கொஞ்சம் மரியாதையா கேக்கும். என்னை மாதிரி டெக்னிக்கல் ஆளுங்களுக்கு ஒரு பலவீனம் உண்டு, சரியான பதில் ஒண்ணு இருக்கும், அதை ஆதாரத்தோட காட்டினா எல்லாரும் ஒத்துப்பாங்கன்னு நம்பிப் பழகினவங்க நாம. போர்டுல சரியான பதில்னு ஒண்ணு கிடையாது, எத்தனை தலை ஆடுதுங்கிறதுதான் கணக்கு.

முதல் வருஷம் நல்லாத்தான் போச்சு, அதைச் சொல்லாம விட்டா நியாயம் இல்ல. இந்த வேலையில ஒரு பெரிய சந்தோஷம் என்னன்னா, ஒரே ஒரு கம்பெனிக்கு இல்லாம மொத்த துறைக்கும் ஒரு விதி மாறுறதை பக்கத்துல இருந்து பாக்கலாம். அமெரிக்காவுல 1992ல வந்த சட்டம் ஒண்ணு இருக்கு, மருந்து அப்ரூவலுக்கு கம்பெனிங்க கட்டணம் கட்டும், அந்தப் பணத்துல அரசு ஆள் சேர்த்து குறிச்ச காலத்துக்குள்ள ஃபைலைப் பாத்து முடிக்கும். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் புதுப்பிக்கணும், ஒவ்வொரு தடவையும் பேச்சுவார்த்தை மேசையில துறை சார்பா உக்காருறது சங்கங்கதான். அதே மாதிரி சின்ன அளவுல எங்க பக்கம் ஒரு விஷயம் நடந்துச்சு, ட்ரையல் அப்ரூவலுக்கு ஒரே ஆவணத்தை ரெண்டு இடத்துல குடுக்க வேண்டிய தொல்லையை எடுக்க வெச்சோம். கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா நாலு பேர் வேலை பாக்குற ஒரு ஸ்டார்ட்அப்புக்கு அது பல வாரம் மிச்சம். அந்த ஆர்டர் வந்த அன்னைக்கு ஒரு சின்ன கம்பெனி ஓனர் போன் பண்ணி எதுவும் பேசாம சிரிச்சாரு, அந்த சிரிப்புக்காக நான் இன்னும் ரெண்டு வருஷம் கம்மி சம்பளத்துக்கு ஓடியிருப்பேன்.

இப்போ பணம், ஏன்னா எல்லாப் பிரச்சனையும் கடைசியில அங்கதான் வந்து நிக்கும். சங்கத்துல சந்தா எல்லாருக்கும் ஒரே அளவு இல்ல. ஆள் எண்ணிக்கை, இல்ல விற்பனை, இல்ல ஆராய்ச்சி செலவு, இதுல ஏதோ ஒண்ணை வெச்சுப் படி படியா போட்டிருப்பாங்க. உறுப்பினர் லிஸ்ட்ல நூத்துக்கணக்குல கம்பெனி இருக்கும், வெப்சைட்ல லோகோ எல்லாம் வரிசையா மின்னும், ஆனா சந்தாவை கூட்டிப் பாத்தா பாதிக்கு மேல மேல இருக்குற நாலஞ்சு கம்பெனிங்கதான் கட்டும். எங்க சங்கமும் அப்படித்தான். அதுல ஒருத்தர் தும்முனா நமக்கு ஜுரம் வரும். பெரிய இடத்துலயும் இது நடக்குது. ஃபார்மாங்கிற பேர்லயே இருக்குற அமெரிக்க பெரிய மருந்து கம்பெனிகள் சங்கம் 2017ல ஒரு விதி கொண்டு வந்துச்சு, விற்பனையில 10 சதவீதமாவது ஆராய்ச்சிக்கு செலவு பண்ணணும், அதுவும் வருஷத்துக்கு 20 கோடி டாலருக்கு குறையக் கூடாது, அப்பதான் உறுப்பினர்னு. அதுல 22 கம்பெனி வெளிய போச்சு. அது சங்கமே எடுத்த முடிவு. அப்புறம் ஆப்வி 2022 கடைசியில தானாவே விலகுச்சு, 2023ல டெவாவும் ஆஸ்ட்ராசெனகாவும் விலகுனாங்க. அவ்வளவு பெரிய சங்கம்னா தாங்கும், இருவது பேர் வேலை பாக்குற சங்கம் தாங்குமா? அதனால இன்டர்வியூல கேக்க வேண்டிய முதல் கேள்வி "உங்க விஷன் என்ன"ன்னு இல்லைங்க. மேல இருக்குற அஞ்சு கம்பெனி சந்தாவுல எத்தனை சதவீதம், அவங்க புதுப்பிக்கிற மாசம் எது, விலகணும்னா எத்தனை மாசம் முன்னாடி சொல்லணும், வருமானமே நின்னா சேமிப்புல எத்தனை மாசம் ஆபீஸ் ஓடும், இதான் கேள்வி. கடைசி மூணு வருஷ ஆடிட் ரிப்போர்ட்டை கையில குடுக்க தயங்குனாங்கன்னா அந்த தயக்கமே பதில்.

ரெண்டாவது வருஷம்தான் அந்த லெட்டர் வந்துச்சு. ஒரு கமிட்டியோட தலைவர், பெரிய சந்தா கட்டுற கம்பெனி ஒண்ணோட சிஇஓ, சங்கத்து போர்டோட துணைத் தலைவரும் அவர்தான். சாயங்காலம் மெயில்ல ஒரு பக்கம் டிராஃப்ட் அனுப்பி "நாளைக்கு உங்க கையெழுத்தோட சங்கம் லெட்டர்ஹெட்ல ரெகுலேட்டருக்கு போகணும்"னார். செல் தெரபி, அதாவது உயிருள்ள செல்லையே மருந்தா குடுக்குற சிகிச்சை, அதோட பொருளை உறைய வெச்சு அனுப்புறதுக்கு ஒரு குறிப்பிட்ட வகைப் பை இருக்கு, அந்தப் பையை யூஸ் பண்றவங்ககிட்ட மட்டும் பொருள் கெடாம இருக்குன்னு காட்டுற ஸ்டெபிலிட்டி டேட்டாவை கூடுதலா கேக்கணும், நோயாளி பாதுகாப்பு முக்கியம், அப்படின்னு எழுதியிருந்துச்சு. மூணாவது பத்தியில "எங்கள் உறுப்பினர்கள் அனைவரின் ஒருமித்த கருத்து"ன்னு ஒரு வரி. யாருடைய கருத்தையும் யாரும் கேக்கல. அந்தப் பையை யூஸ் பண்ற கம்பெனி எங்க உறுப்பினர்ல ஒண்ணே ஒண்ணுதான், சின்ன கம்பெனி, அவங்க ஃபைல் அப்போ ரெகுலேட்டர் மேசையில இருந்துச்சு, போட்டி மருந்து யாருதுன்னு நான் சொல்லணுமா? ஃபைலோட ப்ராப்பர்ட்டீஸை திறந்து பாத்தா எழுதினவர் பேர்ல அவர் கம்பெனி லீகல் ஆள் பேரே இருந்துச்சு, அதை மாத்தக் கூட அவங்களுக்கு நேரம் இல்ல போல. நான் கையெழுத்து போடல. கமிட்டி முழுசுக்கும் சுத்துக்கு விடுறேன், கருத்து வரட்டும், அப்புறம் போகட்டும்னு பதில் போட்டேன். போன்ல ரொம்ப மரியாதையாத்தான் பேசினார், "நீங்க இன்னும் கம்பெனி ரெகுலேட்டரி ஆளாவே யோசிக்கிறீங்க"ன்னு ஒரே ஒரு வரி, அவ்வளவுதான்.

இந்த இடத்துல சட்டம் தெரிஞ்சிருக்கணும், அது உங்களைக் காப்பாத்தும். அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல 1982ல ஹைட்ரோலெவல் வழக்குன்னு ஒண்ணு. மெக்கானிக்கல் இன்ஜினியர் சங்கத்துல கமிட்டியில இருந்த ஒருத்தர், சம்பளம் வாங்காத தன்னார்வலர், தன் கம்பெனிக்கு போட்டியா இருந்த பாய்லர் பாதுகாப்புக் கருவியை மட்டம் தட்டுற மாதிரி ஒரு பதில் கடிதம் சங்கத்து பேர்ல போக வழி பண்ணாரு. போட்டிக் கம்பெனி கேஸ் போட்டுச்சு, அந்த ஆள் செஞ்சதுக்கு சங்கமே பொறுப்புன்னு கோர்ட் சொல்லிடுச்சு. எங்களுக்குத் தெரியாதுங்கிற வாதம் எடுபடல. அதனால லெட்டர்ஹெட்ல போற எந்தக் கடிதமும் யார் எழுதினது, யார் பாத்தது, எப்போ ஓகே சொன்னாங்கன்னு ஒரு எழுத்துப்பூர்வ நடைமுறை இருக்கணும், இல்லைன்னா சேர்ந்த முதல் மாசமே போர்டுல தீர்மானமா போட்டு வாங்கிடுங்க. பிரச்சனை வந்த பிறகு கேட்டா "ஒருத்தரை குறி வெச்சு கொண்டு வர்றாங்க"ன்னு ஆயிடும். கூட்டத்துல போட்டிக் கம்பெனிங்க ஒண்ணா உக்காந்திருக்கும்போது விலை, சம்பளம், எந்த சப்ளையரை ஒதுக்கலாம், இதெல்லாம் பேச்சுல வரவே கூடாது. வந்தா வக்கீல் கையைத் தூக்கணும், கூட்டக் குறிப்புல (மினிட்ஸ்) ஏறணும். காபி இடைவேளையில பேசிக்கிட்டாலும் அதே தப்புதான். சம்பள சர்வே நடத்துறது நிறைய சங்கத்துக்கு நல்ல வருமானம், அதுலயும் பாத்துப் போகணும். முன்னாடி அமெரிக்காவுல 1996 வழிகாட்டுதல் ஒண்ணு இருந்துச்சு, வெளியாள் வெச்சு சேகரிக்கணும், டேட்டா மூணு மாசத்துக்கு மேல பழசா இருக்கணும், குறைஞ்சது அஞ்சு பேர் குடுத்திருக்கணும், அப்படி இருந்தா தைரியமா பண்ணலாம்னு. 2023ல அதை வாபஸ் வாங்கிட்டாங்க. பழைய வழக்கப்படியே இன்னும் சர்வே ஓட்டுற சங்கங்க வக்கீலை ஒரு தடவை பாத்துக்கிறது நல்லது.

அடுத்தது விலை கட்டுப்பாடு மசோதா. இந்தத் துறையில எந்த சங்கத்தையும் ரெண்டா பிளக்கக் கூடிய ஒரே விஷயம் விலைதான். வெளிய இருந்து பாத்தா மருந்து கம்பெனி எல்லாம் ஒரே கட்சின்னு தோணும். உள்ள வந்தா ஒரிஜினல் மருந்து பண்றவனும், அதுக்கு நிகரா பின்னாடி வர்ற பயோசிமிலர் மருந்து பண்றவனும் ஒரே மேசையில உக்காந்திருப்பான், ஒருத்தனுக்கு லாபம் இன்னொருத்தனுக்கு நஷ்டம். அமெரிக்காவோட 2022 சட்டத்தையே எடுத்துக்கோங்க, மாத்திரையா வர்ற சிறு மூலக்கூறு மருந்துக்கு அப்ரூவல் ஆகி 9 வருஷத்துல அரசு பேசின விலை வரலாம், உயிருள்ள செல்லுல இருந்து தயாரிக்கிற, ஆன்டிபாடி மாதிரியான பயோலாஜிக் மருந்துன்னா 13 வருஷம். ஒரே சட்டம்தான், ஆனா மாத்திரை கம்பெனிக்கு வர்ற கோவமும் ஆன்டிபாடி கம்பெனிக்கு வர்ற கோவமும் ஒண்ணா இருக்குமா? எங்க பக்கம் வந்த மசோதாவுலயும் இதே கதை. சின்ன கம்பெனிங்களுக்கு ஒரு விலக்கு வாங்கிக்கலாம்னு மந்திரி ஆபீஸ்ல இருந்து ஜாடையா சொன்னாங்க. போர்டுல ஓட்டு எடுத்தா சின்னவங்க எண்ணிக்கையில ஜாஸ்தி, தீர்மானம் ஜெயிச்சிடும், ஆனா பெரும்பாலான சந்தாவைக் கட்டுறது அந்த விலக்கு கிடைக்காத பெரியவங்க. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சொல்லுவாங்கல்ல, ஆறு மாசம் அதுதான் என் வேலை. தூக்கம் போச்சு, வீட்டுல பேசுறது குறைஞ்சுது, போன் அடிச்சா வயித்துல ஒரு மாதிரி புரட்டும். ஃபார்மா சங்கத்துக்கு சிஇஓவா இருந்த பில்லி டௌசின் கதை எனக்கு அப்பதான் புரிஞ்சுது. 2009ல வெள்ளை மாளிகையோட உக்காந்து, பத்து வருஷத்துல 8,000 கோடி டாலர் விட்டுக் குடுக்கிறோம், சுகாதார சட்டத்துல எங்களை ரொம்ப நெருக்காதீங்கன்னு ஒப்பந்தம் பேசினார். சட்டம் கடைசிக் கையெழுத்துக்குப் போறதுக்கு முன்னாடியே, 2010 பிப்ரவரியில, ராஜினாமா அறிவிச்சுட்டார். சமரசம் பேசுறவரை உள்ளயும் வெளியயும் ஒரே நேரத்துல திட்டலாம், அதுக்கு வசதியான ஆள் அவர்தான்.

உறுப்பினர் மேலயே நடவடிக்கை எடுக்க வேண்டி வர்றது இன்னொரு தலைவலி, எனக்கு அது வரல, ஆனா தெரிஞ்சு வெச்சுக்கோங்க. பிரிட்டன்ல மருந்து கம்பெனிகள் சங்கம் ஏபிபிஐ 2023ல நோவோ நோர்டிஸ்க்கை ரெண்டு வருஷத்துக்கு சஸ்பெண்ட் பண்ணுச்சு, நடத்தை விதியை மீறுனாங்கன்னு. உடல் எடை மருந்து உலகம் பூரா பேசப்பட்ட நேரம் அது. 2024ல பயோ சங்கம், சில சீன காண்ட்ராக்ட் கம்பெனிகளுக்கு தடை போடுற பயோசெக்யூர் மசோதாவை ஆதரிக்க ஆரம்பிச்சப்போ உறுப்பினரா இருந்த உஷி ஆப்டெக்கோட உறவு முறிஞ்சுது. இந்த மாதிரி முடிவுல சிஇஓ பேர்தான் பேப்பர்ல வரும், ஓட்டு போட்ட போர்டு பேர் வராது.

எங்க மசோதா கடைசியில ஒரு அரைகுறை விலக்கோட பாஸ் ஆச்சு. சின்னவங்க நன்றி சொன்னாங்க. பெரிய கம்பெனி ஒண்ணு, சந்தாவுல ரெண்டாவது இடம், "செலவு சீரமைப்பு"ன்னு ஒரு வரி எழுதி விலகிடுச்சு. அது போன நேரம் பாருங்க, வருஷ மாநாடு ரெண்டு மாசத்துல. மாநாட்டுலதான் சங்கத்துக்கு வருமானத்துல பெரும் பங்கு, ஸ்பான்சர்ல முதல் இடம் அவங்கதான். ஹோட்டல்ல நூத்துக்கணக்குல ரூம் பிளாக் பண்ணி வெச்சிருந்தோம், ஒப்பந்தத்துல இத்தனை சதவீதம் ரூம் நிரம்பலைன்னா மிச்சத்துக்கு சங்கம் பணம் கட்டணும்னு ஒரு ஷரத்து இருக்கும், நான் சேர்றதுக்கு முன்னாடி கையெழுத்தான மூணு வருஷ ஒப்பந்தம் அது. அந்தக் கம்பெனி ஆளுங்க வரல, அவங்களைப் பாக்க வர்றவங்களும் வரல. பில் வந்தப்போ எங்க ஆபீஸ்ல ரெண்டு பேரோட வருஷ சம்பளம் அளவுக்கு இருந்துச்சு. மாநாட்டை நம்பி ஓடுற சங்கம் எவ்வளவு ஆபத்துன்னு கொரோனா காலத்துலயே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், பயோ மாநாடே 2020லயும் 2021லயும் ஆன்லைன்லதான் நடந்துச்சு. அதுக்கப்புறம் நிறைய இன்ஷூரன்ஸ் பாலிசியில தொற்று நோய்க்கு காப்பீடு கிடையாதுன்னு சேர்த்துட்டாங்க. சேர்ற முன்னாடி மாநாட்டு ஒப்பந்தம் எல்லாத்தையும் கேட்டு வாங்கிப் படிங்க, ரூம் ஷரத்து, ரத்து பண்ணா என்ன, எந்த வருஷம் வரைக்கும் கட்டுப்பட்டிருக்கோம்னு. ஆடிட் ரிப்போர்ட்ல இது தெரியாது, ஏன்னா பணம் இன்னும் போகலையே.

அந்த நேரத்துலதான் போர்டு தலைவர் பதவி மாறுச்சு. நிறைய சங்கத்துல பைலா, அதாவது சங்கத்தோட சட்டதிட்டம், அது படி போர்டு தலைவர் ரெண்டு வருஷம், அப்புறம் துணைத் தலைவர் தானா மேல வந்துடுவார், தேர்தல்னு பேருக்கு ஒண்ணு நடக்கும். அதாவது உங்களை ஆசைப்பட்டு வேலைக்கு எடுத்தவர் போயிடுவார், உங்களுக்கு சம்பந்தமே இல்லாதவர் உங்க பாஸ். எனக்கு வந்தவர் யாருன்னு இந்நேரம் புரிஞ்சிருக்கும். அவர் ஒண்ணும் சத்தம் போடல. முதல் செயற்குழுவுல "தலைமை மதிப்பீடு"ன்னு ஒரு அஜெண்டா, அடுத்ததுல வெளி கன்சல்டன்ட் ஒருத்தர், அதுக்கடுத்ததுல என்னை வெளிய உக்காரச் சொல்லிட்டு ஒரு மணி நேரம் பேசினாங்க. கண்ணாடிக் கதவுக்கு வெளிய ரிசப்ஷன் சோஃபாவுல உக்காந்து எங்க ஆபீஸ் பொண்ணு குடுத்த தண்ணியை கையில வெச்சுக்கிட்டு இருந்தேன், அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைப் பாக்குற மாதிரி நடிச்சிட்டு இருந்துச்சு. உள்ள கூப்பிட்டப்போ வக்கீல் பேசினார். நிதி நிலைமை, புது திசை, நன்றி. சின்ன கம்பெனிக்காரங்க முப்பது பேர் எனக்கு ஆதரவா மெயில் போட்டாங்க அப்புறம், ஆனா பைலாவுல சிஇஓவை எடுக்குற அதிகாரம் செயற்குழுவுக்கு மட்டும்தான், அதுல ஏழு பேர், அஞ்சு பேர் பெரிய கம்பெனி. பைலாவுல "யார் நீக்கலாம்"ங்கிற வரி முழு போர்டா செயற்குழுவாங்கிறது அவ்வளவு முக்கியம். வேலைக்கு சேரும்போது இப்ப இருக்குற போர்டு தலைவரை விட துணைத் தலைவர்கிட்ட அதிக நேரம் பேசுங்க, உங்களோட முக்கால்வாசி காலம் அவர் கீழதான் போகப் போகுது. அவர் கம்பெனிக்கு ரெகுலேட்டர்கிட்ட என்ன ஃபைல் நிலுவையில இருக்குன்னும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

என் ஒப்பந்தத்துல காரணம் இல்லாம நீக்கினா முப்பது நாள் நோட்டீஸ்னு மட்டும்தான். சேரும்போது கூடுதலா கேட்டதுக்கு "இது எங்க ஸ்டாண்டர்ட் ஃபார்மட், பழைய சிஇஓவும் இதேதான்"னாங்க. பழைய சிஇஓ இருபது வருஷம் இருந்தவர், அவருக்கு அது தேவைப்படல. ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் சம்பளம் கேக்குறது இந்த மாதிரி வேலைக்கு அநியாயம் இல்ல, வேலையோட அமைப்பே அப்படி, நல்லா வேலை பாத்தாலும் போர்டு தலைவர் மாறினா போகணும். கேக்க கூச்சப்படாதீங்க, அவங்க எல்லாரும் அவங்கவங்க கம்பெனியில இதை விட பெருசா எழுதி வாங்கினவங்கதான். கூடவே இன்னொண்ணு, சங்கத்து மேல கேஸ் வந்தா உங்களையும் சேர்த்துக் காப்பாத்துற இன்ஷூரன்ஸ் இருக்கா, வேலையை விட்ட பிறகும் பழைய முடிவுகளுக்கு அது பொருந்துமான்னு எழுத்துல கேளுங்க.

அதுக்கப்புறம் பல மாசம் வேலை இல்ல. சேமிப்பு கரைஞ்சுது, கிட்டத்தட்ட முக்கால் வருஷ சம்பளம் அளவுக்கு, முன்னாடி போன ஷேரையும் சேர்த்தா மொத்தமா ஒரு நல்ல தொகை. பணத்தை விட எரிச்சல் என்னன்னா, கம்பெனிங்க பக்கம் போனா "நீங்க இப்ப பாலிசி ஆளாச்சே, ஃபைல் போட்டு எத்தனை வருஷம் ஆச்சு"ங்கிறாங்க. அரசாங்கம் பக்கம் போனா "நீங்க கம்பெனிங்களுக்காக பேசினவர்"ங்கிறாங்க. இன்னொரு சங்கத்துக்கு போகலாம்னா அந்த உலகம் ரொம்ப சின்னது, என் போர்டுல இருந்தவங்களே அங்கயும் போர்டுல இருப்பாங்க. அதனால வேலையில இருக்கும்போதே ஒரு கால் டெக்னிக்கல் பக்கம் வெச்சிருங்க, ஏதாவது ஒரு விதிமுறை கமிட்டியில சொந்தப் பேர்ல எழுதுங்க, வருஷத்துக்கு ரெண்டு கிளாஸ் எடுங்க. சங்க நிர்வாகத்துக்குன்னு சிஏஇன்னு ஒரு சான்றிதழ் இருக்கு, அமெரிக்க சங்க நிர்வாகிகள் அமைப்பு குடுக்குறது, அதுல பைலா, ரிசர்வ், போர்டு நிர்வாகம்னு இந்தக் கதையில வர்ற எல்லாமே பாடமா இருக்கு. வெளிய வந்த பிறகு அதைப் படிச்சேன், ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்துச்சு. இப்போ ரெண்டு சின்ன சங்கத்துக்கு பகுதி நேரமா ஆலோசனை சொல்றேன், மீதி நேரம் ஸ்டார்ட்அப்புகளுக்கு ரெகுலேட்டரி வேலை, வருமானம் பழைய கம்பெனி சம்பளத்தை இன்னும் எட்டல. மறுபடி தலைமை வேலை வந்தா போவியான்னு கேட்டா போவேன், ஒப்பந்தம் சரியா இருந்தா.

வெளிய போறப்போ குடுக்குற பிரிவு ஒப்பந்தத்தைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். அன்னைக்கே கையெழுத்து போடச் சொல்லி அவசரப்படுத்துவாங்க, போடாதீங்க, சொந்த வக்கீல்கிட்ட காட்டுங்க, சங்கத்து வக்கீல் உங்க வக்கீல் இல்ல. நீங்க அவங்களைப் பத்தி தப்பா பேசக் கூடாதுன்னு இருக்கும், அவங்களும் உங்களைப் பத்தி பேசக் கூடாதுன்னு அதே வரியை திருப்பிப் போடச் சொல்லுங்க, செயற்குழு ஆளுங்க பேரோட. உறுப்பினர்களுக்கு போற அறிவிப்பு என்ன வாசகத்துல போகும்னு முன்கூட்டியே பாத்து ஓகே பண்ணுங்க. ரெஃபரன்ஸ் கேட்டு யாராச்சும் போன் பண்ணா என்ன சொல்லுவாங்கங்கிறதையும் ஒரு பத்தியா எழுதி இணைப்பா வெக்கச் சொல்லுங்க. எனக்கு அதை ரெண்டு வாரம் இழுத்தடிச்சுதான் குடுத்தாங்க, ஆனா முதல் ஆலோசனை வேலை கிடைச்சப்போ அவங்க அந்தப் பத்தியைத்தான் அப்படியே படிச்சுக் காட்டியிருக்காங்க.